உட்காராத அம்மாவுக்கு ஆக்னஸ் அக்கா வைத்த விருந்து

ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. பழைய தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஆக்னஸ் அக்காவின் மகன் ஜெரால்ட் ஒரே வரி போட்டிருந்தான். அம்மா காலையில் இறைவனடி சேர்ந்துவிட்டார் என்று. அதற்குக் கீழே மளமளவென்று கைகூப்பும் பொம்மைகள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைகூட என்னிடம் போனில், டிசம்பருக்குள் எழுந்துவிடுவேன், தேங்காய் வாங்கி வை என்று சொன்ன மனுஷி. என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களைப் பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஈப்போவில் அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசையில் உட்காராதவர் நம்மில் யார்? ஆனால் அந்த மேசை யாரை உட்கார வைக்கப் போடப்பட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் சிலிம் ரிவர் பக்கம். அக்காவின் அம்மா சின்னமேரி, எனக்குப் பெரியம்மா முறை, தொரை பங்களாவில் வேலை செய்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பங்களாப் புல்வெளியில் விருந்து நடக்கும். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் நாங்கள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். பெரியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போவார். தட்டின் நடுவில் ஒரு வெள்ளிப் பந்து, முள்ளம்பன்றி மாதிரி அதில் குச்சிகள், குச்சிகளில் மஞ்சளும் வெள்ளையுமாய் ஏதோ. சுற்றிலும் பாதியாய் வெட்டிய முட்டைகள், மேலே என்னமோ தடவிய பிஸ்கட்டுகள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வராது. பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பவும் மாட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா நச்சரிப்பார், உள்ளே என்ன, இனிப்பா உறைப்பா என்று. எனக்கென்ன தெரியும், தூக்கினேன், கொடுத்தேன் என்பார் பெரியம்மா. 

பிறகு தோட்டத்தை விற்றார்கள். ஆளுக்கொரு திசையாய், சிலர் ஆயர் தாவாருக்கு, சிலர் கோலாலம்பூருக்கு. நானும் அக்காவும் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். அக்கா சொந்த வீட்டுக்கு வந்த முதல் டிசம்பரில், அந்தப் பங்களாப் பலகாரம் அத்தனையும் செய்யப் போகிறேன் என்றார். ருசி தெரியாது, பக்குவம் தெரியாது. வேலிக்கு வெளியே நின்று பார்த்த கண் மட்டும்தான் கைவசம். நானும் கூட நின்றேன்.

வெள்ளிப் பந்துக்கு முழுத் தேங்காயை எடுத்து அலுமினியத் தாளைச் சுற்றினார். பல்குச்சி எப்படி இறங்கும்? ஒரு டப்பா குச்சி ஒடிந்தது. "அக்கா, ஆணிதான் அடிக்கணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அரை முட்டைக்கோஸில் வேலை முடிந்தது. வீணாய்ப் போவானேன் என்று அந்தத் தேங்காயை உடைத்துக் கீற்றுப் போட்டு, அன்னாசித் துண்டோடு குச்சியில் குத்தி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவினார். வெள்ளையாய் இருந்தது சீஸ் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. முட்டை மஞ்சள் கருவில் கறித்தூள் பிசைந்தார். பிஸ்கட்டின் மேல் டின் சார்டின் மீனை மிளகாய்ச் சம்பலாக வதக்கி வைத்தார். வந்தவர்கள் தட்டை வழித்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் நின்றுகொண்டு சாப்பிடுகிற பண்டம். அக்கா வீட்டில் அது நடக்காது. யாராவது தட்டோடு வாசல் பக்கம் நகர்ந்தால், "நின்னது போதும்லா, உக்காரு" என்று அதட்டுவார். லோரி ஓட்டுகிறவராக இருந்தாலும் வங்கி அதிகாரியாக இருந்தாலும் நாற்காலி உண்டு. உட்காராத ஒரே ஆள் பெரியம்மாதான். பங்களாவில் தூக்கிய மாதிரியே இங்கேயும் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். அக்கா கெஞ்சுவார், கோபித்துக்கொள்வார், ஒரு வருடம் தட்டைப் பிடுங்கி ஒளித்தும் வைத்தார். பெரியம்மா அடுப்படியில் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "கமலா, எங்கம்மா இந்த மேசையில ஒரு தடவ உக்காந்து சாப்பிடணும். அதுக்குத்தான் இவ்வளவும். மத்ததெல்லாம் சும்மா."

ஒருமுறை தொழிற்சாலை விருந்துக்கு ஈப்போவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். அங்கே அசல் பண்டமே வந்தது, குச்சியில் சீஸும் அன்னாசியும். அக்கா வாயில் போட்டு மெதுவாக மென்றார். உப்புமில்லை உறைப்புமில்லை. "இதுக்காடி நாம கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னோம்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் சீஸ் வாங்கவில்லை. தேங்காய்தான்.

முப்பதாம் நாள் ஜெபம் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் வந்தது. எழவு விழுந்த வீட்டில் இந்த வருடம் பண்டிகை கிடையாது, ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கடையில் மீகூன் சேமியா சொல்லிவிட்டேன் என்றான் ஜெரால்ட். முறை அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. முதல் நாளே என் வீட்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன். முட்டை உரிக்க வரவில்லை, பாதி பிய்ந்துபோனது. சார்டினில் உறைப்புக் கூடிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அக்காவைத் திட்டினேன், ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா என்று.

மறுநாள் தட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ஜெபம் முடிந்து எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியம்மா சுவரோரமாய் நின்றார். தொண்ணூறைத் தொடுகிற வயது. மகளைப் புதைத்துவிட்டு நிற்கிறார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பெரியம்மா, இன்னிக்காவது உக்காருங்க. அக்காவோட ஒரே ஆச அதுதான்."

 அவர் நிதானமாகச் சொன்னார்.

"பங்களாவுல சம்பளத்துக்குத் தூக்குனேன். இங்க எம்மக செஞ்சதத் தூக்குனேன். எம்மக செஞ்சதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். அதுவும் இதுவும் ஒன்னா?"

 இத்தனை வருடம் நாங்கள் பார்த்ததென்ன, அவர் செய்ததென்ன. அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாமே பெரியம்மா என்றேன்.

"அவ எங்க கேட்டா? உக்காரு, உக்காருன்னுதான சொன்னா."

அவ்வளவுதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா இதைக் கேட்காமலேயே போய்விட்டாரே என்ற வேதனை இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

அழுகை அடங்கியதும் நான் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஜெரால்ட் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டான். பெரியம்மா ஒவ்வொருவரிடமும் போய் நீட்டினார். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் அவராகவே சொன்னார், "எம்மக பலகாரம்."

ஆக்னஸ் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வேலைதான். பெரியம்மா இருக்கிறவரை டிசம்பரில் நான் செய்வேன், தட்டை அவர் கையில் கொடுப்பேன். உட்காருங்கள் என்று சொல்லமாட்டேன்.