பதினொரு கறுப்பு ஜேர்சி

எங்கள் கால்பந்துக் கழகத்தின் கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். ஒருநாளும் பந்தை உதைத்தவளில்லை நான். என் கணவர் கழகத்தின் கேப்டன். ரயில்வேயில் பிட்டராக இருந்தார். அவருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் இங்கிலீஷில் எழுத வராது. நான் கண்டி மஹய்யாவையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் மைதானம் கேட்டு நகரசபைக்கு எழுதுவதும், மேட்ச் கேட்டு கம்பளைக்கும் மாத்தளைக்கும் எழுதுவதும் என் வேலையாகிவிட்டது. அப்படி எழுதிய கடிதங்களில் ஒன்றைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கழகத்தை ஆரம்பித்தவர் ஓர் இத்தாலிக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், கண்டியில் ஒரு தேவாலயத்துக்குச் சலவைக்கல் பீடம் அமைப்பதற்காக அந்த நாட்டிலிருந்து மூன்று கல்வேலைக்காரர்கள் வந்தார்கள். வேலை முடிந்ததும் ஒருவர் கப்பலேறிப் போய்விட்டார். இன்னொருவர் சில வருடங்கள் இருந்து, காய்ச்சலில் இறந்தார். மூன்றாமவர் எங்களோடு தங்கிவிட்டார். மயானத்துக்குப் போகும் பாதையில் பட்டறை போட்டுக் கல்லறைக் கற்கள் வெட்டினார். வசதியானவர்களின் வீடுகளுக்கு மொசைக் தரை போட்டார். வெள்ளைக்காரர் என்றால் துரை என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். முழங்காலில் நின்று சீமெந்து பூசுகிற வெள்ளைக்காரரை என்னவென்று கூப்பிடுவது? துரை என்றால் அவருக்குக் கோபம் வந்தது. கடைசியில் மேசன்மாரைக் கூப்பிடுவது போலவே அவரையும் 'பாஸ்' என்றார்கள். அது நிலைத்துவிட்டது.

வேலை முடிந்த பின்னேரங்களில் பாஸும் அவருடைய கூட்டாளியும் பட்டறைக்குப் பின்னால் இருந்த வெளியில் கூலியாட்களோடு பந்து விளையாடுவார்கள். கழகத்தின் முதல் அணியில் அந்த இரண்டு இத்தாலிக்காரர்களும் மஹய்யாவை ஆட்கள் ஒன்பது பேரும் இருந்தார்கள். பாஸ் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது, "அவந்தி, அவந்தி" என்று கத்துவார். முன்னால் போ என்று அர்த்தமாம். எங்கள் தெருவில் கை வண்டி தள்ளுகிறவர்கள்கூட அதைச் சொல்லித் தள்ளினார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது கூட்டாளி இறந்துவிட்டிருந்தார். பாஸுக்கும் வயதாகி, ஓரத்தில் நின்று கத்துகிறவராக மட்டும் இருந்தார். தமிழை அவர் கூலியாட்களிடமிருந்து கற்றிருந்தார். அதனால் எங்களைப் போலவே பேசினார்.

முப்பத்துநான்காம் ஆண்டின் கடைசியில் மலேரியா வந்தது. அதில் எங்கள் அணியில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவன் கம்பளையிலிருந்து வந்து ஆடிய இடது விங். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுடைய துணிமணிகளை அவன் வீட்டார் எரித்தபோது கழகத்தின் ஜேர்சியும் அதோடு போயிற்று. மற்றவர்களுடையதும் கிழிந்து, உருப்படியாக இருந்தவை நான்கு மட்டுமே. மறு வருடம் நடுவில்தான் மறுபடி ஆடலாம் என்ற பேச்சே வந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு மனிதர் காரில் வந்தார்.

அவரும் இத்தாலிக்காரர். வெள்ளை சூட், பளபளக்கும் சப்பாத்து. எந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லவில்லை. பாஸ் ஆளனுப்பி என்னையும் என் கணவரையும் பட்டறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் போனபோது அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பாஸ் ஒரு கல்லின் முன்னால் குந்தியிருந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்திருக்கும்போது பாஸ் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் என்னோடு நல்ல இங்கிலீஷில் பேசினார். இவ்வளவு தூரத்தில் தன் நாட்டான் ஒருவன் ஒரு கழகத்தை வளர்த்திருப்பது தனக்குப் பெருமை என்றார். பதினொரு ஜேர்சியும் ஒரு தோல் பந்தும் அன்பளிப்பாக அனுப்புவதாகச் சொன்னார். பதிலுக்கு மூன்று சின்னக் காரியங்கள் போதுமாம். ஜேர்சி போட்டு ஒரு போட்டோ. ஒரு நன்றிக் கடிதம். கடிதத்தின் கீழே ஆட்டக்காரர்களின் பெயரும் தொழிலும்.

"தொழில் எதற்கு?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊரில் இருப்பவர்கள் உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்று சிரித்தார்.

என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் பாஸைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. வந்தவர் எழுந்து போகும்போது பாஸிடம் அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார். குரல் மிகவும் இனிமையாக இருந்தது. பாஸின் கை அப்படியே நின்றுவிட்டது.

கார் போனபிறகு, "என்ன பாஸ் சொன்னாரு?" என்று என் கணவர் கேட்டார்.

"எங்கம்மாவ விசாரிச்சாரு. வீட்டு முன்னுக்கு உள்ள அத்திமரம் இந்த வருசம் நல்லா காய்ச்சிருக்குன்னு சொன்னாரு."

"அட, உங்க ஊர்க்காரரா?"

"இல்ல. நான் அந்த மரத்தப் பத்தி இங்க யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. ஆணிகளைப் பிடுங்கித் திறந்தோம். பதினொரு ஜேர்சியும் கறுப்பு. எங்கள் பழைய ஜேர்சி நீலம். கறுப்பு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. துணி அவ்வளவு நல்லதாக இருந்தது.

போட்டோ எடுக்கிற அன்று அந்த மனிதர் மறுபடி வந்தார். டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் முக்காலியோடு வந்திருந்தார். எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, வலது கையை நீட்டி உயர்த்தச் சொன்னார் அந்த மனிதர். தானே உயர்த்தியும் காட்டினார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே உயர்த்தினார்கள். எங்கள் கோல் கீப்பர் டவுனில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மூத்த மகன். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். "பஸ்ஸ நிப்பாட்டுற மாதிரி ஈக்குது டீச்சர்" என்றார் அவர். நானும் சிரித்தேன். பாஸ் மட்டும் பட்டறையை விட்டு வரவில்லை; வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று பின்னேரம் கடிதத்தை எழுதினேன். கீழே பதினொரு பெயரையும் அவரவர் தொழிலையும் அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

ஒக்டோபரில் இத்தாலி ஆப்பிரிக்காவில் அபிசீனியா மேல் படையெடுத்த செய்தி வந்தது. ஆகாயத்திலிருந்து ஊர்கள் மேல் குண்டு போடுகிறார்கள் என்று பேப்பரில் இருந்தது. கண்டியில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். பேப்பரில் இத்தாலிப் படையின் படம் ஒன்று வந்தது. ஒரு கூட்டம் கறுப்புச் சட்டையோடு, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம படம் எங்க போயிருக்கும்?" என்று கேட்டார்.

நான் அந்தப் பேப்பரை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து நானா பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அவர் அப்படி வந்ததில்லை. கையில் இத்தாலிப் பாஷையில் ஒரு சஞ்சிகை. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவர், ஒரு கப்பல்காரனிடம் பார்த்து வாங்கி அனுப்பினாராம். அரைப் பக்கத்துக்கு எங்கள் போட்டோ. கீழே பதினொரு பெயர், தொழில்.

"இதுல எண்ட பேர் ஈக்குது டீச்சர். எங்கட கடையும் ஈக்குது. மேல என்ன எழுதியிருக்காங்க?"

இருவரும் பட்டறைக்குப் போனோம். பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம போருக்காகக் கை தூக்குற புள்ளைங்க இருக்காங்க. இப்படிப் போட்டிருக்கு."

"நாங்க எப்ப பாஸ் அப்பிடிச் சொன்ன?" என்றார் நானா. "எங்கட நபி காலத்துல நம்மட ஆக்களுக்கு அடைக்கலம் குடுத்த நாடு அபிசீனியா. வாப்பாட மொகத்துல நான் எப்பிடி முழிக்கிற?"

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். சஞ்சிகையை மடித்து நானாவிடமே கொடுத்தார்.

அதே சஞ்சிகையின் வேறு பிரதிகள் கைமாறிக் கைமாறி டவுன் முழுவதும் போயின. புடவைக் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கடைச் சுவரில் யாரோ தாரால் ஒரு கையை வரைந்துவிட்டுப் போனார்கள். என் கணவரை வேலைத்தலத்தில் மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். பிறகு சாதாரண உடுப்பில் ஒரு பொலிஸ்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இடைவேளை வரை பொறுமையாக வாசலில் நின்றார்.

"இந்தப் பெயர்களை எழுதியது நீங்களா?"

"ஆமாம்."

"யார் கேட்டு எழுதினீர்கள்?"

சொன்னேன். அவர் ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். "தேவைப்பட்டால் வருவேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு பல நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வாசலில் யாரோ நிற்பதாகத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு தரம் உண்மையிலேயே இருந்தார்.

டிசம்பரில் டவுன் அணி ஒன்றோடு எங்களுக்கு மேட்ச் இருந்தது. முன்பே ஒத்துக்கொண்டது. ஆடாமல் விட்டால் பயந்து ஒளிந்ததாகச் சொல்வார்கள் என்றார் என் கணவர். அந்த ஜேர்சிகளைச் சவுக்காரமும் சோடாவும் போட்டு அவித்துப் பார்த்தேன். கறுப்பு போகவில்லை, சேற்றின் நிறமாயிற்று. கடைசியில் எல்லோரும் வெறும் பெனியனோடு இறங்கினார்கள். நானா வரவில்லை.

பட்டறைக்குப் பின்னால் உள்ள வெளியைச் சுற்றி என்றும் இல்லாத கூட்டம். வழக்கமாகக் கத்திச் சிரித்து ஆடிப்பாடுகிறவர்கள் அன்று சத்தமில்லாமல் நின்றார்கள். பந்து உதைபடுகிற சத்தம் தனியாகக் கேட்டது. முதல் பாதி முடிகிற நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானா வந்தார். ஆடுகிற உடுப்பில் இல்லை; தொப்பியும் சாரமும். நேராகப் போய், ஓரத்தில் நின்ற பாஸின் முன்னால் நின்றார். ஆட்டம் நின்றுவிட்டது.

"பாஸ், பத்து வருசமா நீங்க சொன்ன மாதிரித்தான் ஆடின. இண்டைக்கி எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. ஒங்கட நாடு அங்க செய்றது சரியா?"

நான் பாஸுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய உதடு அசைவதும் நிற்பதுமாக இருந்தது. அம்மாவைப் பற்றி நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள், யார் எதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"சரியில்ல" என்றார் பாஸ். போதாதென்று, மைதானத்தில் கத்துகிற அதே குரலில், "சரியில்ல! பாவம்! பெரிய பாவம்!" என்றார்.

நானா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோலுக்குப் போனார். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். நாங்கள் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஆனாலும் யாரும் கல்லெறியவில்லை. என் கணவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

பாஸின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர்கள் ஊர்த் தேவாலயச் சாமியார் மாதம் ஒரு கடிதம் எழுதிப் போடுவார். ஜனவரியில் கடிதம் வரவில்லை. கப்பல் பிந்தியிருக்கும் என்றோம். பெப்ரவரியிலும் வரவில்லை. சாமியாருக்குப் பாஸ் தானே எழுதினார், பதில் இல்லை. நான் ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதினேன், அதற்கும் இல்லை. ஒரு வருடம் இப்படியே போயிற்று. பாஸ் தபால்காரனை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவன் பாதையில் திரும்பும்போது பட்டறைக்குள்ளே போய்விடுவார்.

முப்பத்தேழில், ஊருக்குப் போகிறேன் என்று சொன்னார்.

"போனா திரும்பி விடுவாங்களா பாஸ்?" என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர். இங்க இருந்தா அம்மா உசிரோட இருக்காங்களான்னே தெரியாது."

அதுவரை சொல்லாததை அன்றுதான் சொன்னேன். "நான் அந்தப் பேரெல்லாம் எழுதியிருக்கக் கூடாது."

"எழுதாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். அன்னைக்கு எனக்கு பயம் டீச்சர். அதுதான் கல்லத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்."

கண்டி ஸ்டேஷனில் அணி முழுவதும் நின்று வழியனுப்பினோம். நானா ஒரு பார்சல் மஸ்கட் இனிப்புக் கொடுத்தார். கப்பல் வழியில் நின்ற பொர்ட் சைட் துறைமுகத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்ட் வந்தது. சுகமாக இருப்பதாகவும், கப்பலில் சாப்பாடு மோசம் என்றும், இரண்டு நாளாகத் தன் ஊர்க்காரன் ஒருவன் வலிய வந்து பேச்சுக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தார். அதன் பிறகு எதுவும் வரவில்லை.

என் கணவர் முழங்கால் போகும்வரை கழகத்தை நடத்தினார். முப்பத்தொன்பதில் யுத்தம் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கழகம் அத்தோடு நின்றது. பட்டறையை ஒரு லொறிக்காரர் எடுத்துக்கொண்டார். நானா டவுனில் என்னைக் கண்டால் கடையை விட்டு இறங்கி வந்து, "பாஸ்ட கடிதம் ஏதும் வந்ததா டீச்சர்?" என்று கேட்பார். இல்லை என்பேன். யுத்தம் தொடங்கிய அந்த வருடக் கடைசியில் ஒருநாள், எங்கள் பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுக்க நானாவின் கடைக்குப் போயிருந்தேன். துணியை அளந்து மடித்துக் கட்டித் தந்தார். மழையைப் பற்றிப் பேசினார். பாஸைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.