முதலில் வந்த ஜொகூர் கார்

போன வருடப் பள்ளி விடுமுறையில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நாங்கள் ஜொகூர்க்காரர்கள். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சொந்த நாடான மலேசியாவில், இந்த மலை இருக்கும் பகாங் மாநிலத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்ததோடு சரி. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், இனி ஒவ்வொரு மாநிலமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்படித்தான் மலை ஏறினோம்.

விடுமுறைக் கூட்டத்தைச் சொல்ல வேண்டுமா? கார்கள் நத்தையாக ஊர்ந்தன. மதியம் தாண்டியும் சாப்பாடு இல்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். என் கணவருக்குப் பதினொன்றும் பறந்துவிடும். நெரிசல் தாங்காமல் ஒரு தோட்டத்துச் சாலையில் காரைத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கூடாரம், மேசைகள், நாற்காலிகள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சாலைக்கே ஓடி வந்து கையை ஆட்டி எங்கள் காரை நிறுத்தினார். ஸ்ட்ராபெரித் தோட்ட வாசல்களில் இப்படித்தான் கையை ஆட்டிக் கார்களை உள்ளே இழுக்கிறார்கள். இது சாப்பாட்டுக் கடை என்று நினைத்துவிட்டோம்.

"வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

உட்கார வைத்து வாழை இலை போட்டார்கள். மூன்று பொரியல், சாம்பார், ரசம், அப்பளம், பாயசம். என்னவர் இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோழி இல்லையா?" என்றார். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். கோழிக் குழம்பு வந்துவிட்டது. ரசத்தில் உப்புக் குறைவு என்றார். உப்பு வந்தது. இப்படியொரு கவனிப்பை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

கடைசியில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் தேநீர் கொண்டு வந்தாள். தட்டில் கப் கடகடவென்று ஆடியது. பாவமாக இருந்ததால், "என்னம்மா, இங்கதான் வேலையா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இல்லீங்க, தாப்பா ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன்."

நர்ஸ் ஏன் கடையில் தேநீர் கொடுக்கிறாள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் கணவர் பணப்பையை எடுத்து, "பில் எவ்வளவுண்ணே?" என்றார்.

எங்களை நிறுத்தியவரின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஜொகூர்லேருந்து வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இல்லீங்களா?"

அவருடைய மகளைப் பெண் பார்க்க ஜொகூரிலிருந்து இரண்டு காரில் ஆட்கள் வருவதாக இருந்ததாம். முகம் பார்த்துப் பழக்கமில்லை. எங்கள் காரின் நம்பர் ஜொகூருக்கு உரிய ஜே என்ற எழுத்தில் தொடங்குவதைப் பார்த்து, முதல் கார் வந்துவிட்டதென்று ஓடி வந்திருக்கிறார். போன் போட்டுக் கேட்டால், உண்மையான விருந்தாளிகள் திரிங்காப் பக்கம் காய்கறி லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததாம். உறவுக்கார அம்மா ஒருவர், "வேற யாருக்கோ மொதத் தேத்தண்ணி குடுத்தாச்சே, இது நல்லதுக்கில்ல" என்று முணுமுணுத்தார். பெண்ணின் அம்மா கண் கலங்கி நின்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்ப எழுந்தோம்.

தடுத்தது அந்தப் பெண்தான். "இருங்க ஆன்ட்டி. இப்பதான் என் கை நடுக்கம் நின்னுச்சு. இனிமே யாரு வந்தாலும் பயமில்ல லா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் தின்று தீர்த்ததை ஈடுகட்ட நான் அடுப்படிக்குப் போய் முட்டைக்கோஸ் நறுக்கினேன். கோழி கேட்ட வாய்க்குத் தண்டனையாக என் கணவர் வெங்காயம் உரித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்ததும், "நமக்கு வேண்டியவங்க, ஜொகூர்" என்று பெண்ணின் அப்பா எங்களை அறிமுகப்படுத்தினார். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் அம்மா என்னை ஓரமாக அழைத்துப் போனார். "நீங்க நம்ம ஊர்க்காரங்க. மறைக்காம சொல்லுங்க, இந்தக் குடும்பம் எப்படி?"

எனக்கும் அவர்களுக்கும் ஒரு மதியப் பழக்கம்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இவரும் சகுனம் பார்த்து, மூன்றாவது வரனும் என்னால் போய்விடுமோ என்று பயம். கடைசியில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன், கோழிக் குழம்பு உட்பட. "நாங்க வேற ஆளுங்கன்னு தெரிஞ்ச பிறகும் பொண்ணும் பெத்தவங்களும் முகம் சுளிக்கல. இதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றேன்.

அவர் "கோழியா கேட்டாரு?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நேராகப் பெண்ணிடம் போனார். "மொதக் கப்பு அவங்களுக்கு. ரெண்டாவது எனக்குக் குடும்மா."

தை மாதம் கல்யாணம். நாங்கள் பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு கிளந்தான், பினாங்கு என்று சில இடங்கள் பார்த்துவிட்டோம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும், இங்கேயும் யாராவது நம்மை உட்கார வைத்து இலை போடுவார்கள் என்று ஒரு தைரியம் வருகிறது. அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தது, எங்களுக்காகச் சமைக்காத ஒரு சாப்பாடு.