காளையின் முதுகில் நான் போட்ட சுழி

அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். வெள்ளகோவில் பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் நான் படக்கடை போட்டிருந்தேன். மாட்டுச் சந்தையில் படத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆசையாக வளர்த்த காளையை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு நிற்பவருக்கு, அதன் படம் ஒன்று வீட்டில் இருந்தால் ஆறுதல்தானே? அப்படித்தான் என் வியாபாரம் நடந்தது.

மற்ற நாட்களில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பெட்டி லேபிள் வரைபவன். முதலாளி சொன்ன பூ, முதலாளி சொன்ன நிறம். ஓரத்தில் என் பெயரை எழுதி விற்றது இந்தக் காளைப் படங்களில் மட்டும்தான். அதனால் வருடம் தவறாமல் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முதல் வருடம் கொண்டுபோன அத்தனையும் விற்றது. இரண்டாம் வருடம் பாதி திரும்பி வந்தது. மூன்றாம் வருடம் கிளம்பும்போது முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க, வேலை குமிஞ்சு கெடக்கற நேரத்துல வருசா வருசம் இப்படிப் போனா எப்புடிங்க? இந்த வாட்டி போயிட்டு வாங்க. அடுத்த வருசம் சந்தையா, கம்பெனியான்னு ஒரு முடிவு பண்ணிக்கோங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருடம் சந்தையில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கூட்டம் வருகிறது. படத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார்கள். "தத்ரூபமா இருக்குதுங்க" என்கிறார்கள். பிறகு, "அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் சலங்கை வாங்குகிறார்கள். விலையைக் குறைத்துப் பார்த்தேன். ஜிலேபிக் கடைப் புகை அடிக்கிறதோ என்று இடத்தை மாற்றிப் பார்த்தேன். போட்டோ ஸ்டூடியோக்கள் வந்துவிட்டதால் இருக்குமோ என்றும் யோசித்தேன். கடைசியில், இவர்களுக்கெல்லாம் கலை என்றால் என்ன தெரியும் என்று அவர்கள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளில் இரண்டே படம்தான் போயிருந்தது.

கடைசி நாள் காலை ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார். நான் வரைந்த படம். முதல் வருடம் அவருடைய கணவர், காளையை விற்ற கையோடு என்னிடம் வாங்கிப்போனது.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இந்தச் சுழிய மட்டும் அழிச்சுக் குடுக்கறீங்களா?"

"எந்தச் சுழிங்க?" என்றேன்.

திமிலுக்குப் பின்னால், முதுகில் விரலை வைத்தார்.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரிலேயே ஒரே அச்சு வைத்துக் காளைகளை வரைந்து எடுத்துக்கொள்வேன். சந்தையில் அவரவர் மாட்டுக்குத் தகுந்தபடி கொம்பையும் நிறத்தையும் மட்டும் மாற்றிக் கொடுப்பேன். தோல் பளபளவென்று தெரிவதற்காக முதுகில் தூரிகையை ஒரு சுழற்றுச் சுழற்றி எடுப்பேன். அதில் எனக்குத் தனிப் பெருமை. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் மாடு வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு, அந்தக் கணக்கு படத்தில் இருக்கும் மாட்டுக்கும் உண்டு என்று தோன்றவே இல்லை.

"அந்த எடத்துல சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்க," என்றார் அந்த அம்மா. "எங்க காளைக்குச் சுத்தமா இல்லீங்க. போன தை மாசம் அதோட கன்னைப் பாக்க ஆளு வந்தாங்க. கன்னு புடிச்சுப் போச்சு. செவுத்துல இந்தப் படத்தைப் பாத்துப்போட்டு, அப்பனுக்கு இருந்தா மகனுக்கு வராமயா போயிரும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. காளைய வித்தாச்சு. எதைக் காட்டி இல்லைன்னு சொல்றதுங்க?"

"வாங்கும்போதே சொல்லியிருக்கலாமுங்களே," என்றேன்.

"ஊட்டுக்காரரு அன்னைக்கே பாத்துட்டாருங்க. ஆசையா வரைஞ்சிருக்கறாரு, சொன்னா மனசு நோகும்னு வாங்கிட்டு வந்துட்டாரு."

சலங்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெதுவாக எட்டிப் பார்த்தார். நான் தொங்கவிட்டிருந்த மற்ற படங்களைக் காட்டி, "இதுலயுமுங்க, அதுலயுமுங்க," என்றார். ஆக, சந்தையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தத்ரூபம் என்று சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சுழியின் மேல் வண்ணம் பூசி மறைத்துக் கொடுத்தேன். அதற்குக் கூலி எவ்வளவு என்று வேறு அந்த அம்மா கேட்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் குழப்பம் முற்றியது. விற்கவில்லை, இனிப் போவதில்லை என்றால் அதோடு போயிற்று. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. திருத்திக்கொண்டு போனால் பழையபடி விற்கலாம். ஆனால் எந்த முகத்தோடு போவது? சுழி ஒன்றுதான் காரணமா, ஸ்டூடியோவும் சேர்ந்தா? ஒரு நாள் போகத்தான் வேண்டும் என்பேன். மறுநாள் கம்பெனி வேலைதான் சோறு போடுகிறது என்பேன். இதற்கு நடுவில், விற்றுவிட்ட படங்கள் ஞாபகம் வரும். அத்தனை வீட்டுச் சுவரிலும் அந்தச் சுழி இருக்கிறதே.

அடுத்த சித்திரையில் போனேன். விற்பதற்கு ஒரு படமும் எடுத்துப்போகவில்லை. வண்ண டப்பாக்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது என் மேஜையில் வேறொருவர் லேபிள் வரைந்துகொண்டிருந்தார்.

பழைய படத்தைக் கொண்டுவந்தால் காசில்லாமல் சுழியை மறைத்துத் தருகிறேன் என்று சந்தையில் சொல்லிவைத்தேன். நான்கு பேர்தான் கொண்டுவந்தார்கள். முகம் தெரிந்த மற்றவர்களைச் சந்தையில் தேடிப்பிடித்துக் கேட்டேன். "பரவாயில்லீங்க, நல்லாத்தான் இருக்குது," என்றார்கள். அது மன்னிப்பா, வெறும் மரியாதையா, படத்தை எப்போதோ அடுப்பில் போட்டுவிட்டார்களா என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஏன் விற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட நான், வாங்கிப்போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துகிறது.