சல்லடையில் எதுவும் தங்காத பொடி

கடையில் காப்பிப் பொட்டலத்தைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குன்வோர் கூடையில் போடுவாள். வடகடலின் எண்ணெய் மேடைகளில், கிணறு துளைக்கும்போது வாயு பொங்காமல் அமுக்க உள்ளே செலுத்தும் துளைச்சேற்றுக்குப் பொறுப்பாக இருபத்தாறு வருடம் ஓட்டியவள். ஒருமுறை தாளில் எழுதியிருந்த கனக் கணக்கை நம்பினாள். சேற்றுக்குக் கனம் தரும் பாரைட் பொடி, சாய்ந்த கிணற்றுக்குள் அடியில் படிந்துவிட, மேல் சேறு இளைத்து வாயு சீறிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். அன்று முதல் கப்பலில் வரும் ஒவ்வொரு பொடியிலும் ஒரு புட்டி எடுத்துத் தேதி ஒட்டித் தன் அலமாரியில் பூட்டி வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலை சேற்றின் கனம் இம்மி பிசகாமல் இருந்தது. ஆனால் நாற்பத்தைந்து நொடியில், தடிப்பை அளக்கும் புனலை விட்டு இறங்க வேண்டிய சேறு எழுபத்திரண்டு நொடி எடுத்தது. பம்பின் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் கீழே பாறை பிளந்துவிடும்.

அவளுக்கு உடனே யோஸ்டைன் மேல் சந்தேகம் விழுந்தது. தொட்டியில் பொடி கலப்பவன் அவன்தான். அவளுடைய சேறு தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று போன முறை எல்லோர் முன்னாலும் கேலி செய்தவன்.

"சேறு தடிக்கக் களிமண் போட்டியா, யோஸ்டைன்?"

"போட்டிருந்தா எழுதியிருப்பேன்."

"எழுதாம போட்டியான்னுதான் கேக்குறேன்."

"என் பாக்கெட்டையும் தடவிப் பாத்துடு, குன்வோர். நேத்துத் தின்ன மீன் உருண்டை வேணா அகப்படும்."

களிமண் மூட்டைகளை எண்ணினாள். நாற்பத்தொன்று, பதிவேட்டிலும் அதுவே. பதிவேட்டைத் திருத்தியிருப்பானோ என்று வெளிச்சத்தில் பிடித்து மையைப் பார்த்தாள். பிறகு அறைக்குப் போய்ப் புகார்க் கடிதம் எழுதினாள். நண்பகல் கூட்டத்தில் அதைக் கொடுத்தால் அடுத்த ஹெலிகாப்டரில் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திரும்ப யாரும் கூப்பிடமாட்டார்கள்.

கடிதத்தோடு ஆதாரமும் வேண்டும். கலக்கும் தொட்டியின் வாயிலிருந்து கொஞ்சம் பொடி எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு குலுக்கினாள். ஒப்பிட, இந்தப் பொடி வந்த செவ்வாயன்று கப்பல் குழாயிலிருந்து தானே எடுத்த புட்டியையும் போன மாதப் புட்டியையும் அதேபோல் குலுக்கி வைத்தாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் போன மாதப் பொடி படிந்துவிட்டது. மற்ற இரண்டும் பால் போலக் கலங்கியே நின்றன.

செவ்வாய்ப் பொடியை யோஸ்டைன் தொட்டதே இல்லை.

கலப்படமோ என்று எடைபோட்டாள். கனம் சரியாக இருந்தது. அசல் பாரைட்தான், ஆனால் மாவிலும் மாவாக அரைத்திருந்தார்கள். துகள் பொடியப் பொடிய அது பிடித்துக்கொள்ளும் தண்ணீர் கூடும், சேறு தடித்துவிடும்.

செவ்வாய்ச் சோதனைத் தாளை எடுத்தாள். சல்லடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் தங்கக் கூடாது என்பதுதான் விதி. எதுவுமே தங்காவிட்டால் என்ன என்று அந்த விதி கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

கடிதத்தைக் கிழித்தாள். அந்தப் பொடியின் கொள்கலனை மூடச் சொல்லிவிட்டுக் கீழே சாப்பாட்டறையில் இருந்த யோஸ்டைனிடம் போனாள்.

"தப்பு என்னோடது. பொடியை ரொம்ப நைசா அரைச்சிருக்காங்க, என் சோதனையில தப்பிடுச்சு. கூட்டத்துல நானே சொல்லிடுறேன்."

யோஸ்டைன் தட்டோடு திரும்பினான். "மூட்டையெல்லாம் எண்ணினியாமே?"

"எண்ணினேன்."

"இனி யாரைச் சந்தேகப்படுவே?"

"எல்லாரையும்தான். என்னையும் சேத்துக்கிட்டேன்."

அவன் சிரித்து, தன் தட்டிலிருந்த, சனிக்கிழமைதோறும் மேடையில் சுடும் வாஃபிள் அப்பத்தில் பாதியைப் பிய்த்து நீட்டினான். வாங்கியவள், மேலிருந்த ஜாமை விரலால் ஒதுக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடித்தாள்.