சம்மனசுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை

என் மகனுக்கு உடம்பெல்லாம் சொறி வந்தபோது அவன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடவே நிற்காத வயிற்றுப்போக்கு. தூத்துக்குடியில் வைத்தியம் தெரியாதவர்களே கிடையாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிள்ளை பெற்றவள் சுறாப்புட்டு தின்றதுதான் தப்பு என்றார் மாமியார். பால் ஊறட்டும் என்று அதைக் கிண்டி என் தட்டில் போட்டதே அவர்தான். சங்கு குளிக்கப் போகும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி நல்ல சங்காகப் பார்த்துக் கொடுத்து, உரசிப் பூசச் சொன்னார். பூசினேன். 'எதிர்ப்பு சக்தி இல்லாத பிள்ளை' என்று ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். அதையும் சங்கில் ஊற்றிப் புகட்டினேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை வியாதி என்றார்கள். பால்குடிப் பிள்ளைக்குச் சர்க்கரையா என்று சிரித்தேவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை.

மதுரைக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்ததால் அம்மாதான் கூட வந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, "உங்க அம்மா வழியில ஆம்பளக் குழந்தைங்க யாராவது சின்னதுலயே இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"அப்படி யாரும் செத்ததில்ல டாக்டர்," என்றாள் அம்மா. யோசிக்கக்கூட இல்லை. அவள் ஒற்றைப் பிள்ளை என்றுதான் எனக்கும் தெரியும். நானும் தலையாட்டினேன்.

டாக்டரம்மா வேறு காரணங்களைத் தேடப் போனார். பால் சேரவில்லையா, கிருமியா என்று மாறி மாறிப் பரிசோதனை. பிள்ளை கரைந்துகொண்டே போனான். ஒரு நாள் ஊசி குத்த நரம்பே அகப்படவில்லை. 'இப்படியே போனால் தாங்க மாட்டான்' என்று என்னிடமே சொன்னார்கள். அம்மா கட்டிலோரம் முழந்தாளிட்டு, ஜெபமாலையைப் பிடித்தபடி வாய்விட்டு வேண்டினாள்.

"ஆண்டவர் பாதத்துல இருக்கிற என் தம்பி சம்மனசுகளா, நீங்க பட்ட பாட்ட இவன் படாம பாத்துக்கிடுங்க."

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "எந்தத் தம்பிம்மா?"

"எனக்குக் கீழ ரெண்டு பேரு. இவனை மாதிரியேதான் ளா. மேலெல்லாம் சொறி, வயித்தால போய்க்கிட்டே இருக்கும். பால்குடியிலேயே போயிட்டானுவ."

"டாக்டர் கேட்டப்ப யாருமே இல்லன்னியே?"

அம்மா என்னை ஒரு கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அவுக செத்தவங்களத்தான கேட்டாவ? அவனுவ சம்மனசுல்லா."

எங்கள் வீட்டில் அப்படித்தான். ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை போய்விட்டால் அது சாவு இல்லை. நேரே மோட்சம் போய் சம்மனசாகிவிடும், அதாவது தேவதூதனாக. வெள்ளைப் பெட்டிதான், கறுப்பு கட்ட மாட்டார்கள். கல்லறைத் திருநாளில்கூட அவர்கள் ஆன்மா இளைப்பாறப் பூசை கேட்பதில்லை. மோட்சத்தில் இருப்பவர்களுக்கு எதற்குப் பூசை? இறந்தவர்களின் கணக்கிலும் இல்லாமல், உயிரோடு இருப்பவர்களின் கணக்கிலும் இல்லாமல் என் இரண்டு மாமன்மார் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"இவங்கட்ட இன்னொரு தடவ கேளுங்க," என்றேன்.

அவர் கேட்டார். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நின்றாள். அந்தச் சொல் அவள் வாயில் வர வெகுநேரம் ஆனது. "செத்துப்போனாங்க டாக்டர். என் தம்பிமாரு ரெண்டு பேரும் செத்துப்போனாங்க." சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் அவர்கள் போனதுபோல உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் போனது. முடிவு வந்தபோது எனக்கு இன்னொரு அடி. என் மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவில்லையாம். அடங்காமல் கிடக்கிறதாம். அதை அதட்டி வைக்கவேண்டிய டி செல்கள் பழுதாகிவிட, அவன் குடலையும் தோலையும் கணையத்தையும் அவன் உடம்பே அடித்திருக்கிறது. நானோ அதற்குக் கஷாயம் வேறு ஊற்றியிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பழுது பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து அவனுக்கும் வந்திருக்கிறது. பெண்களான எங்களை ஒன்றும் செய்யாமல், ஆண் பிள்ளைகளை மட்டும் பிடித்திருக்கிறது.

எதிர்ப்பு சக்தியை அடக்க மருந்து கொடுத்தார்கள். பிள்ளை தேறினான். வீட்டுக்காரர் கப்பலை விட்டு வந்து தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தார். அது பிடித்துக்கொண்டது. சர்க்கரை மட்டும் போகவில்லை, இன்சுலின் ஊசி இன்றும் உண்டு.

போன மாதம் கோயில் வாசலில் ஒரு அக்கா அவன் கன்னத்தைக் கிள்ளி, "சம்மனசு மாதிரில்லா இருக்கான்," என்று கொஞ்சினாள். எங்கள் ஊரில் எல்லாரும் பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சுவார்கள்.

அம்மா வெடுக்கென்று அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாத ளா. இவன் மனுசன்."