ஒட்டாமல் விட்ட ரோல்

என் கேமராவை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. என்னைவிட வயதில் மூத்த பெட்டி அது. குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தோல் உரிந்த இடங்களில் கரண்டுக்காரர்களின் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். ஒரு பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டு படம். முடிந்ததும் ரோலின் நுனியிலிருக்கும் காகிதப் பட்டையை நாக்கில் நனைத்து ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ரோல் தளர்ந்து உள்ளே வெளிச்சம் புகுந்துவிடும்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஆடிச்சுற்று நூற்றெட்டையும் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலைச் சுற்றினோம். கடைசி நாள் கழுத்தில் கேமராவோடு போனேன்.

"வீட்டுல மாட்டுறதுக்கு என்னைய நல்லா ஒண்ணு எடுத்து வைங்க" என்றாள். எதற்கு மாட்ட என்று நான் கேட்கவில்லை. பூக்காரம்மா ஒருத்தி, "போன்ல எடுத்துத் தரட்டா அண்ணாச்சி?" என்றாள். என் பொண்டாட்டியைப் போனிலா எடுப்பேன் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். என்ன திமிர் எனக்கு.

பன்னிரண்டும் அவளைத்தான் எடுத்தேன். அரக்குச் சேலை, நெற்றியில் பிரசாதப் புற்றுமண், முகமெல்லாம் வேர்வை. கடைசிப் படத்தில் சிரித்துவிட்டாள். பழக்க தோஷம், பிரகாரத்திலேயே ரோலைக் கழற்றி நாக்கை நீட்டினேன்.

"கோயிலுக்குள்ள எச்சிப்படுத்தாதீய. இன்னும் மூணு சுத்து கெடக்கு, அம்புட்டும் வீணாப் போயிரும்."

அவள் சொன்னால் சரி என்று ரோலை அப்படியே துணிப்பையில் போட்டேன். நாலடி தள்ளிக் குழாய் இருந்தது. விரலை நனைத்து ஒட்டியிருக்கலாம். முப்பது வருஷமாக நாக்கால் ஒட்டியவனுக்கு அது தோன்றவேயில்லை. மூன்று சுற்றும் வெயிலில் நடந்தோம்.

வீட்டில் பையைத் திறந்தால் ரோல் ரிப்பன் மாதிரி அவிழ்ந்து கிடந்தது. அப்போது நக்கி ஒட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஏதாவது ஒன்று தேறும் என்று சென்னையில் பிலிம் கழுவுகிற லேபுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுப் போனேன்.

"ரோல் பூராவும் கறுத்துப் போச்சு சார்" என்று லேபிலிருந்து போனில் சொன்னபோது அவள் ஆபரேஷன் முடிந்து மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள்.

"படம் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வந்துட்டு. சிரிக்கிற படம்தான் ரொம்ப நல்லாருக்கு."

"வீட்டுக்குப் போயிப் பாத்துக்கிடுதேன்."

குழாயை எடுத்தபிறகு ஒரு வாரம் இருந்தாள். ஒரு மிடறு பால் குடித்துவிட்டுப் போதும் என்பாள், மிச்சத்தை அதே டம்ளரில் நான் குடிப்பேன். அதை அவள் எச்சில் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சுவரில் இப்போது ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம் தொங்குகிறது. அதில் இருப்பது யாரோ. தான் சிரிக்கிற படம் வீட்டில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அவள் போனாள்.