மூன்றாம் பாகத்தை வெட்ட மாட்டோம்

எழுபதுகளின் கடைசியில் நான் பாண்டியில் ஓர் இசைப் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வில்லியனூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பங்குக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வயலின் கன்னியாஸ்திரிகளிடம் கற்றது. வாய் மட்டும் யாரிடமும் கற்கவில்லை, கூடப் பிறந்தது. பள்ளிக்குப் புது மண்டபம் கட்டி முடிந்த சமயத்தில் பள்ளி முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசை வேண்டுமாம். மந்திரி வருகிறாராம்.

"நீ கிராமத்துலேர்ந்து வர்ற, உனக்குத் தெரியாததா? வயல், மாடு, திருவிழான்னு உங்க பக்கத்தைப் பத்தி அழகா ஒண்ணு எழுதிக் குடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எங்களைத்தான் யாரும் பேசவிட்டதில்லை. "எங்களைப் பத்தி எழுத மாட்டேன் சார். ஊர்க்காரங்களை உட்கார வெச்சு அவங்களோட சேர்ந்து எழுதறேன். அவங்களே மேடையில வந்து வாசிப்பாங்க" என்றேன். அவர் சிரித்தார். இவளால் எங்கே ஆகப்போகிறது என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் கூடினோம். அவரவர் நாளில் கேட்கிற ஒரு சத்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாளே ஒரு சட்டமும் போட்டேன். யார் கொண்டுவந்த சத்தமோ, அவரைக் கேட்காமல் அதில் ஒரு சுரத்தையும் மாற்றக்கூடாது, எடுக்கவும் கூடாது. நான் எழுதுகிறவள்தான், சொந்தக்காரி இல்லை. ஆரம்பத்தில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அரியாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருகிற ஒருவர், பாலத்து மேட்டில் வண்டி முனகி ஏறுவதை வாயாலேயே வாசித்துக் காட்டினார். அதை இசைப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிற செல்லோவுக்குக் கொடுத்தேன். மில்லில் வேலை செய்கிறவர்கள் அதிகாலைச் சங்கைக் கொண்டுவந்தார்கள். அது இனிமையாக இருக்கக்கூடாது, கேட்டால் எரிச்சல் வர வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அப்படியே எழுதினேன்.

எங்கள் ஊர் பேண்டு செட்டும் வந்தது. தேர் பவனி, கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும் வாசிக்கிற செட் அது. அதன் தலைவரை ஊரே சொல்தா மாமா என்று கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சொல்தா என்றுதான் பெயர். சைகோன் வரைக்கும் போய்க் கிளாரினெட் வாசித்தவர். பிடித்தால் உடும்புப்பிடி.

நடவுக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற ஓர் அக்காளும் வாராவாரம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிடுவார். ஒரு நாள் தானே எழுந்து என்னிடம் வந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது டீச்சரு. ஆனா அது நல்ல பாட்டு இல்ல. ஒப்பாரி."

அவருடைய ஒரே மகன், கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். அந்த அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். இவர் குரலெடுத்த உடனே, அப்போதிருந்த பங்குச் சாமியார் கையை உயர்த்தி நிறுத்தினார். உயிர்ப்பை நம்புகிறவர்கள் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கக்கூடாது, ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். நாங்களும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னோம். இவர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"அன்னிக்கு தொண்டையில நின்னதுதான். இன்னும் எறங்கல, வெளியிலயும் வரல. உன் பாட்டுல ஒரு ஓரமா வெச்சுக்குவியா?" என்று கேட்டார்.

ஓரமாக ஏன் வைக்கிறேன்? மூன்றாம் பாகம் முழுக்க அவருக்குத்தான் என்று முடிவு செய்தோம். அவர் ஓர் அடி பாடுவார், என் வயலின் பதில் சொல்லும். பின்னால் பேண்டு செட், கல்லறைக்குப் போகிற நடையில் மெல்ல வாசிக்கும்.

அங்கேதான் தொல்லை வந்தது. மேடைக்குப் பழக வேண்டுமே என்று பேண்டுக்காரர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. டிரம் ஒரு பக்கம் ஓடியது, டிரம்பெட் பின்தங்கியது. தேருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர்கள் இங்கே முதல்நாள் பழகுகிறவர்கள் மாதிரி தடுமாறினார்கள்.

"எம் பசங்க சரியாத்தான் வாசிக்கிறானுங்க. உன் எழுத்துலதான் இன்னாவோ கோளாறு" என்றார் சொல்தா மாமா.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் மாமா" என்று நானும் விட்டேன். அவர் கோபித்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார். போகிற வழியில் வீம்புக்காக அதே மூன்றாம் பாகத்தை வாசித்துக்கொண்டே போனார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. பிறந்ததிலிருந்து நடந்துகொண்டே வாசித்தவர்கள், தாளம் காலில்தான் இருந்திருக்கிறது. நானோ அவர்கள் காலை மடக்கி உட்கார வைத்துவிட்டு, கைக்கு என்ன கேடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றே நாற்காலிகளை எடுத்துப்போட்டோம். மண்டபத்தில் அவர்கள் நடந்துதான் வாசிப்பார்கள் என்று எழுதிவிட்டேன்.

விழாவுக்கு முன்வாரம் முதல்வர் ஒத்திகை பார்க்க ஊருக்கே வந்தார். முதல் இரண்டு பாகத்துக்கும் தலையை ஆட்டி ரசித்தார். மூன்றாவது தொடங்கியதும் முகம் கறுத்துவிட்டது.

"புதுக் கட்டடம். குத்துவிளக்கு ஏத்தி, பால் காய்ச்சி ஆரம்பிக்கிற இடம். அங்க போய் ஒப்பாரியா? விளங்குமா? இதை வெட்டிடு" என்றார்.

"நான் வெட்ட முடியாது சார். பாட்டுக்குச் சொந்தக்காரங்களைக் கேளுங்க" என்றேன்.

அவரும் விடாமல் போய் அக்காளிடம் கேட்டார். குரலைக் குழைத்து, நல்ல நாள், மங்கலம், மந்திரி என்று என்னென்னவோ சொன்னார். அக்காள் பொறுமையாக முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"கேக்கணும்னு தோணிச்சே, ரொம்ப சந்தோஷம் ஐயா. நான் வெட்ட வேணாம்னு சொல்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல்வர் காரில் ஏறிப் போய்விட்டார். சரி, ஒத்துக்கொண்டார் என்று நினைத்தோம். புலி பதுங்குவது எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மடுகரை, செல்லிப்பட்டு வரைக்கும் சொல்லியனுப்பியிருந்ததால் எங்கள் பெண்கள் பின்வரிசைகளை அடைத்துக்கொண்டார்கள். முதல் பாகம் முடிந்து கைதட்டினார்கள். இரண்டாவதும் முடிந்தது. கைதட்டல் ஓயும் முன்பே திரை இறங்கியது. வெளியே மைக்கில் முதல்வர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். எங்கள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இசைப் பள்ளியின் டவுன் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் போலிருந்தார்கள். அக்காள் மெல்லத் தலைப்பை எடுத்து வாயருகே கொண்டு போனார். அதைப் பார்த்ததும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நடக்கிறவங்களுக்கு மேடை எதுக்கு?" என்றேன்.

சொல்தா மாமாவுக்கு அது போதும். "ஆன் அவான், மார்ஷ்!" என்று, முன்னேறி நடக்கச் சொல்லும் பட்டாளத்துக் கட்டளையை ஒரு போடு போட்டார். செட் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, வாசிப்பை நிறுத்தாமல் முன்வாசல் வழியாக மண்டபத்துக்குள் நுழைந்தது. நடுவே அக்காள். கூட நான், வயலினோடு. பெரிய டிரம் அதிர்ந்ததில் முதல்வரின் நன்றி யாருக்கும் கேட்கவில்லை.

நாற்காலிகளுக்கு நடுவில் நின்று அக்காள் குரலெடுத்தார். முதல் அடி முடிந்தது. பதில் சொல்ல வயலின் வில்லைத் தூக்கினேன். ஆனால் எனக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் மற்றவர்கள் அவளைத் தனியாக அழ விடமாட்டார்கள். இது தெரிந்தும் நான் அந்த இடத்தில் வயலினை எழுதிவைத்திருந்தேன். பெண்கள் எழுந்து வந்தார்கள். தோளோடு தோள் கட்டிக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன்வரிசையிலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு டவுன் அம்மாளும் எழுந்து வந்து அந்த வட்டத்தில் சேர்ந்துகொண்டார். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வில்லுக்கு வேலையே இல்லை. வயலினைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்து அழுதேன். செட் எங்களைச் சுற்றி நடந்துகொண்டே வாசித்தது. பாட்டு முடியும்வரை மந்திரி எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்ப நாங்கள் வேன் ஏறுகிற இடத்துக்கு முதல்வர் வந்தார். முகம் வேர்த்திருந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார்.

"அப்போ திங்கட்கிழமை வரமாட்டேன் சார்" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. பிறகும் வருத்தப்படவில்லை.

அவர் அக்காள் பக்கம் திரும்பினார். "புது மண்டபம்மா! திறந்த அன்னிக்கே சாவு வீடா ஆக்கிட்டீங்களே!"

அக்காள் வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தார். இறங்கி, அவருக்கு நேராக வந்து நின்றார்.

"ஆமா ஐயா. எம் புள்ளைக்கு அன்னிக்கு சாவு வூடு நடக்கல. இன்னிக்குத்தான் நடந்துச்சு."